கம்பியைப் பார்க்காதே, நுனியைப் பார்

"அப்பா ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறார்" என்று சொன்னால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மீன் பிடிக்கிறாரா?" இரண்டாவது கேள்வி, "அவ்வளவு வசதியா?" இரண்டுக்குமே 'இல்லை' என்பதுதான் பதில்.

அப்பா கடற்படையில் இயந்திரப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லூமுட்டிலேயே வீடு. 14 ஆண்டுகளுக்கு முன்பு, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து 29 அடி நீளமுள்ள பழைய ஃபைபர்கிளாஸ் படகை வாங்கினார். நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய காரின் விலைதான். அம்மா இரண்டு வாரம் பேசவில்லை. பேசியபோது, "அந்தக் காசுக்கு நகை வாங்கியிருந்தா பொண்ணுங்க கழுத்துலயாவது கிடந்திருக்கும்" என்றார்.

நான் கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி. நான்கு மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு ஊருக்கெல்லாம் உற்சாகமாக வணக்கம் சொல்கிறவள். வீட்டுக்குப் போனால் படகில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. அதில் எத்தனை கம்பிகள் இருக்கின்றன என்றுகூட எண்ணிப் பார்த்ததில்லை, கடந்த ஆண்டு வரை.

எட்டு கம்பிகள்.

சேலையில் மாட்டிய நரம்பு

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. இடமும் வலமும் உச்சிக்குப் போகும் இரண்டு பக்கக் கம்பிகள். மரத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் நான்கு குட்டைக் கம்பிகள். இந்த எட்டும் நான்கு திசைகளிலும் இழுத்துப் பிடிப்பதால்தான் அது நிமிர்ந்து நிற்கிறது. என் குரலை வெளியே கொண்டுபோகும் ஒலிபரப்புக் கோபுரங்களிலும் பல இப்படித்தான் கம்பிகளின் இழுவையில் நிற்கின்றன. இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஒவ்வொரு கம்பியும் 19 நரம்புகளால் முறுக்கப்பட்டது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. அப்பாவின் படகில் 6 மில்லிமீட்டர் கனம். நம் சுண்டுவிரலைவிட மெல்லியது. ஆனால் புதிதாக இருக்கும்போது மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான பாரத்தைத் தாங்கும்.

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 6. அப்பா அதிகாலையில் அவர்களைப் பங்கோர் தீவுப் பக்கம் அழைத்துப் போனார். திரும்பும்போது 'சுமத்ரா' பிடித்துக்கொண்டது. மலாக்கா நீரிணையில் விடிகாலையில் கறுத்துக்கொண்டு வரும் திடீர்க் காற்றுக்கும் மழைக்கும் அதுதான் பெயர். அப்பா பாயை இறக்கி, இயந்திரத்தைப் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். இரவுச் சாப்பாட்டில் அப்பா அதை வீரக்கதையாகச் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த வாரம் நான் விடுப்பில் போயிருந்தேன். உப்பு படிந்த கம்பிகளைத் துடைக்கச் சொல்லி, அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் கிழித்த துண்டு ஒன்றை அப்பா கையில் கொடுத்தார். இடப்பக்க உச்சிக் கம்பியை மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். அடியில், கம்பி அதன் உலோகக் குப்பிக்குள் நுழையும் இடத்தில், துணி மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. குனிந்து பார்த்தேன். மீன்முள் போல ஒரு நரம்பு உடைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்னுதானேம்மா. மீதி பதினெட்டு இருக்கு" என்றார் அப்பா.

அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மரினாவில் பாய்மரக் கம்பி வேலை செய்யும் பக்சிக் ஒருவர் உண்டு. அப்பாவின் தே ஓ கூட்டாளி. அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் கம்பியைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, குப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், குப்பியின் நீளவாக்கில்.

"கம்பியைப் பார்க்காதே, நுனியைப் பார்" என்றார் மலாயில். பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாக, "சூடா லாமா" என்றார். ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

பளபளப்பு சொல்லும் பொய்

துருப்பிடிக்காத எஃகு என்று சொல்கிறோமே, அது முழு உண்மையில்லை. அந்த எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அது கீறப்பட்டாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் மறுபடி உருவாகிவிடும். அதனால்தான் வெளியே தெரியும் கம்பி 14 ஆண்டு ஆனாலும் பளபளக்கிறது.

ஆனால் நுனியில் கதை வேறு. ஸ்வேஜ் எனப்படும் அந்தக் குப்பி, இயந்திரத்தின் அழுத்தத்தில் கம்பியோடு சேர்த்து நசுக்கப்பட்டது. கடல்நீரும் மழைநீரும் கம்பி வழியே வழிந்து, கீழ்க் குப்பியின் வாயில் தேங்கும். உள்ளே ஆக்சிஜன் போகாது, உப்பு மட்டும் தங்கும். படலம் புதுப்பிக்கப்படாமல், எஃகு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். நம் ஊர் வெக்கையும் புழுக்கமும் அதை விரைவுபடுத்தும். மேல் நுனிகளைவிடக் கீழ் நுனிகளே முதலில் போவது இதனால்தான். போதாததற்கு, படகு ஆடும் ஒவ்வொரு முறையும் கம்பி வளைந்து நிமிர்வதும் அதே இடத்தில்தான்.

அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கம்பியின் அழகைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறார்கள். கம்பிகளுக்குப் பத்து ஆண்டு ஆகிவிட்டால், மாற்றிவிட்டீர்களா என்று பல காப்புறுதி நிறுவனங்கள் கேட்கின்றன. அப்பாவிடம் 14 ஆண்டு. அதற்கு முன் அந்த வெள்ளைக்காரரிடம் எத்தனை ஆண்டு என்பதற்குக் கணக்கே இல்லை.

"போன வாரம் பிள்ளைங்க இந்தக் கம்பிக்குக் கீழதானேப்பா உட்கார்ந்திருந்தாங்க?"

கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டுவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தச் சேலைத் துண்டை மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

சரியான கேள்வி

அன்று இரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. அம்மா தூங்கப் போன பிறகு வாசலில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

ஊடகத்துறைப் படிப்பில் பேட்டி எடுப்பதற்கென்று ஒரு பாடம் உண்டு. ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் வரும் என்பது அதன் முதல் விதி. பத்தாண்டுகளுக்கு மேலாக முன்பின் தெரியாதவர்களிடம் அந்த விதியைக் கடைப்பிடித்து வந்திருக்கிறேன். ஆனால் அப்பாவிடம் வாரந்தோறும் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நல்லா இருக்கீங்களாப்பா?" பதிலும் ஒன்றுதான். "நல்லா இருக்கேன்மா."

அன்று வேறு கேள்வி கேட்டேன். "கடைசியா எப்பப்பா மரத்து மேல ஏறிப் பார்த்தீங்க?"

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷம் ஆச்சு."

மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முன் ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் உச்சிவரை ஏறி ஒவ்வொரு நுனியையும் பார்த்து வந்தவர். அதன் பிறகு ஏற முடியவில்லை. ஒருமுறை பாதி வரை போய், மூச்சு வாங்கி, இறங்கிவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை. படகுத்துறையில் நின்று தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, "பார்த்துட்டேன், நல்லா இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தொலைநோக்கியில் கம்பி பளபளவென்றுதான் தெரிந்திருக்கும்.

"தெரியாம இல்லம்மா. தள்ளிப் போட்டேன். மாத்தணும்னா யாராவது மேல ஏறணும். என்னால முடியலன்னு சொல்லணும். சொன்னா நீங்கல்லாம் படகை வித்துடச் சொல்லுவீங்க."

சொல்லியிருப்போம். அதுதான் உண்மை. எனக்கு வைத்திருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை பசியாறிவிட்டு, அப்பாவே அக்காவைக் கைப்பேசியில் அழைத்து, பிள்ளைகளை எந்த நிலையில் இருந்த படகில் கூட்டிப்போனார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா வெகுநேரம் பேசவில்லை. கடைசியாக, "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க யாராவது வந்திருப்போமேப்பா" என்றாள். அதற்குப் பிறகு அப்பாதான் பேசவில்லை.

36 அடி உயரத்தில்

ஒரு கம்பியை மட்டும் மாற்றினால் போதுமா? பக்சிக் தலையை ஆட்டினார். எட்டும் ஒரே வயது, ஒரே வெயில். ஒன்று போனால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். கிட்டத்தட்ட 70 மீட்டர் கம்பி, 16 நுனிகள், எட்டு இறுக்கும் திருகுகள். எல்லாம் சேர்ந்து எட்டாயிரம் வெள்ளியைத் தொட்டது. நானும் அக்காவும் பாதியைப் போட்டோம். அப்பா வேண்டாம் என்றார். அம்மா, "வாங்கிக்குங்க. உங்க கழுத்துல தொங்கப் போற நகைன்னு நெனைச்சிக்குங்க" என்றார்.

பொருள்கள் வந்து சேர ஐந்து வாரம். மறுபடி விடுப்பு எடுத்துப் போனேன். மேல் நுனிகளைக் கடையிலேயே இயந்திரத்தில் நசுக்கி வாங்கியிருந்தோம். கீழ் நுனிகளை விட்டுவிட்டு, கம்பியைச் சற்று நீளமாகவே விடச் சொல்லியிருந்தோம். அவற்றைப் படகிலேயே அளந்து வெட்டி, கையால் பூட்டும் டெர்மினல்களைப் போடுவதாகத் திட்டம். அளவு பிசகினால் எட்டாயிரமும் வீண் என்ற பயம் இதில் இல்லை.

மரத்தைச் சாய்க்காமலே வேலையை முடிக்கலாம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கம்பியைக் கழற்றினால். காற்றில்லாத காலையில், கீறல் விழுந்த கம்பிக்குத் துணையாக, உச்சியிலிருந்து வரும் ஹால்யார்ட் கயிறு ஒன்றை அதே பக்கத்தில் தளத்தோடு இழுத்துக் கட்டினோம். இப்போது அந்தக் கம்பி இல்லாவிட்டாலும் மரம் நிற்கும்.

யார் ஏறுவது? பக்சிக் என் உருவத்தைப் பார்த்தார். மூவரில் எடை குறைந்தவள் நான். மேலே இழுப்பவருக்கு அது முக்கியம். "பயமா இருந்தா நான் ஆள் பார்க்கிறேன்" என்றார். பயமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று வாய் வரவில்லை.

கான்வாஸ் இருக்கையில் உட்கார வைத்து, ஒரு கயிற்றை இருக்கையிலும் இன்னொரு கயிற்றைத் தனியாக இடுப்புப் பட்டையிலும் முடிச்சுப் போட்டார்கள். கொக்கியை நம்பக் கூடாது, முடிச்சை நம்பு என்றார் அப்பா. பக்சிக் வின்ச்சைச் சுற்றி என்னை மேலே ஏற்றினார். இடுப்புக் கயிற்றைப் பிடித்தது அப்பா. நான் ஓர் அடி ஏறினால் அவர் ஓர் அடி இழுத்துக் கட்டினார். நடுவில் ஒருமுறை கீழே பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் 36 அடி. கீழே படகு துளி அசைந்தால் மேலே அது ஒரு முழ ஆட்டம். பங்கோர் ஃபெர்ரி போனதும் அதன் அலை வந்தது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஆயிரக்கணக்கானோரிடம் பேசுகிறவளுக்கு அங்கே ஒரு சொல் வரவில்லை. பழைய முளையைத் தட்டிக் கழற்றி, கம்பியை மெல்லிய கயிற்றில் கீழே இறக்கி, புதியதை இழுத்து மாட்டி, முளை நழுவாமலிருக்கக் காட்டர் பின்னைச் செருகி அதன் கால்களை விரிக்க வேண்டும். முதல் காட்டர் பின் விரல்களிலிருந்து நழுவி, தளத்தில் ஒரு முறை துள்ளி, தண்ணீரில் விழுந்தது. "இன்னும் பத்து இருக்கு" என்று கீழிருந்து அப்பாவின் குரல் வந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் குரலில் அவ்வளவு தெம்பு நான் கேட்டதில்லை.

கூம்புக்குள் நரம்புகள்

கீழ் நுனிகளைப் பூட்டுவது அப்பாவின் பொறுப்பு. உட்கார்ந்து செய்யும் வேலை. அவருடைய கைகளுக்கு வயதாகவில்லை.

வெட்ட வேண்டிய இடத்தில் டேப்பை இறுக்கச் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். டெர்மினலின் உடலை மறக்காமல் முதலில் கம்பியில் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெளியே உள்ள 12 நரம்புகளை மட்டும் பிரித்து, உள்ளே உள்ள ஏழு நரம்புகளின் மேல் ஒரு சிறிய உலோகக் கூம்பைச் செருக வேண்டும். உள் நரம்புகள் கூம்பைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிரித்த 12 நரம்புகளையும் கூம்பைச் சுற்றி மறுபடி சீராகப் படியவிட்டு, உடலை மேலே இழுத்து, தலையைத் திருகி இறுக்கினால், நரம்புகள் கூம்புக்கும் உடலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். கம்பியை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பிடி இறுகும். இரண்டு ஸ்பேனர் போதும், வேறு இயந்திரம் வேண்டாம்.

சங்கத் தமிழில் பாய்மரத்துக்கே கூம்பு என்றுதான் பெயர். அதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். பக்சிக்கிடம், மலாயின் 'காப்பால்' எங்கள் கப்பல்தான் என்று பெருமையாக விளக்கினார். "கப்பல் உங்களுடையது, கம்பிக்குக் கூலி எனக்கு" என்றார் பக்சிக்.

மூன்றாவது நுனியை நான் போட்டேன். இறுக்கி முடித்ததும் பக்சிக் அதைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து பார்த்த பிறகே மூட வேண்டும் என்பது அவர் சட்டம். பார்த்தால், கூம்பில் உள்ள பிளவுக்குள் ஒரு நரம்பு விழுந்து நசுங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மற்றவற்றைப் போலவே இருந்திருக்கும். கம்பியைச் சற்று வெட்டி, புதுக் கூம்பு போட்டு, மறுபடி முதலிலிருந்து. மூடும் முன் உள்ளே தண்ணீர் புகாத பசையை நிரப்பினோம். பழைய குப்பியைக் கொன்றது அந்தத் தண்ணீர்தான்.

தே ஓ நேரத்தில் அப்பா டத்தோ அஸார் மன்சோரைப் பற்றிச் சொன்னார். 1999 பிப்ரவரியில் லங்காவியிலிருந்து 'ஜாலூர் கெமிலாங்' படகில் தனியாகப் புறப்பட்டு, ஆகஸ்டில் உலகைச் சுற்றித் திரும்பிய மலேசியர். வழியில் பாய்மரம் உடைந்து, ஃபாக்லாந்து தீவுகளில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பியவர். "நான் பங்கோர் வரைக்கும்தான் போறேன். அதுக்கே இவ்வளவு வேலை" என்றார்.

நான்கு நாளில் எட்டும் முடிந்தன. மரம் நேராக நிற்கிறதா என்று அதன் அடியில் கன்னத்தை வைத்து மேல் நோக்கிப் பார்த்துப் பார்த்து, இடமும் வலமும் ஒரே அளவாகத் திருகி இறுக்கினோம். உச்சிக் கம்பிகளுக்கு, அவை அறுந்துபோகும் பாரத்தில் 15 முதல் 20 விழுக்காடு இழுவை. அதை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பக்சிக் விரலால் சுண்டிப் பார்த்தே சொல்லிவிட்டார். கருவியும் அதையே சொன்னது.

கடைசி நாள், கழற்றிய இடப்பக்கக் குப்பியை அப்பா ரம்பத்தால் நெடுக அறுத்துத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத் தூள். 19 நரம்புகளில் ஐந்து ஏற்கெனவே அறுந்திருந்தன. வெளியே தெரிந்தது ஒன்றுதான். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தச் சுமத்ராவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பெயருக்கு நேரே

வாசகர்களில் பலர் என்னைப் போல வேலைக்காகப் பெற்றோரை விட்டுத் தள்ளி இருப்பவர்களாக இருக்கலாம். உங்கள் அப்பாவிடம் படகு இருக்காது. ஆனால் இரவில் கார் ஓட்டுவதை அவர் எப்போது நிறுத்தினார்? மாடிக்குப் போவதை அம்மா எப்போது நிறுத்தினார்? மருந்துச் சீட்டை யார் படித்துச் சொல்கிறார்கள்? "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் இவை ஒன்றும் வெளியே வராது. அந்தக் கேள்வி கம்பியைப் பார்க்கிறது. "முன்னே செய்து, இப்போ செய்யாம விட்டது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர்களுடைய படகை விற்றுவிடாதீர்கள். அந்தப் பயத்தில்தான் அவர்கள் சொல்லாமல் இருக்கிறார்கள்.

புதுக் கம்பிகள் முதல் சில பயணங்களில் சற்று நெகிழும், மறுபடி இறுக்க வேண்டும். அதற்காக அடுத்த மாதமும் போனேன். இந்த முறை அக்காவும் பிள்ளைகளும் வந்தார்கள். காற்று மிதமாக இருந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியபோது, காற்று மறைவில் இருந்த கம்பி தொய்ந்து தொங்கவில்லை. அக்கா சின்னவளின் மிதவைச் சட்டையைப் பிடித்தபடியே இருந்தாள். பாதி வழியில்தான் விட்டாள்.

கரைக்கு வந்ததும் அப்பா படகின் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். எண்ணெய் மாற்றியது, அடிப்பாகம் வண்ணம் பூசியது எல்லாம் அவர் கையெழுத்தில் தேதியோடு இருக்கும். கம்பி மாற்றிய தேதியை எழுதினார். அதன் கீழ், அடுத்து மாற்ற வேண்டிய ஆண்டை எழுதினார். பத்து ஆண்டு கழித்து. இப்போது அவருக்கு 69.

பேனாவை மூடப் போனவர், ஒரு கணம் நிறுத்தி, அந்த ஆண்டுக்கு நேரே என் பெயரை எழுதினார். பிறகு புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பாயைச் சுருட்டப் போனார்.